நோன்பா, தற்கொலை முயற்சியா? – ஐரோம் சர்மிளா வழக்கில் சொற்பொருண்மையும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

மணிப்பூரைச் சேர்ந்த ஐரோம் சானு சர்மிளா 2000ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் தொடக்கத்தில் உண்ணாமையை மேற்கொண்டார். 2016 ஆகஸ்டு 9 அன்று அதனை முடித்தார். ஏறத்தாழ 16 ஆண்டுகள் நீடித்த இச்செயலுக்கு அக்காலம் முழுவதும் இருவேறு பெயர்கள் வழங்கின. அவர் அதனை அறவழி எதிர்ப்பு என்றார். மக்கள் அதனை நோன்பாகப் போற்றினர். குற்றப்பத்திரிகை அதனைத் தற்கொலை முயற்சி என்றது. செயல் ஒன்று, பெயர் இரண்டு. எப்பெயரை ஏற்பது என்பதைப் பொறுத்து அப்பெண் நோன்பியாகவோ கைதியாகவோ கருதப்பட்டார்.

சொல் ஒன்று ஒருவரின் விடுதலையைத் தீர்மானிக்கும் இத்தகைய சூழல் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் பெரிதும் பயன்படுவதாகும். இவ்வழக்கு குறித்த செய்திகள் பெரும்பாலும் மணிப்புரியிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் வந்தவை. இந்த இருபடி மொழிபெயர்ப்பில் நோன்பின் எந்தப் பொருட்கூறு நின்றது, எது நழுவியது என்பதையும், தமிழில் சபதம், நோன்பு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் தம்முள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிகழ்ச்சிப் பின்னணி

2000 நவம்பர் 2 அன்று இம்பால் பள்ளத்தாக்கில் உள்ள மாலோம் என்னும் ஊரில், பேருந்து நிறுத்தத்தின் அருகே பொதுமக்கள் பதின்மர் அசாம் ரைபிள்ஸ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்போது சர்மிளாவுக்கு வயது 28. ஆயுதப் படைகள் (சிறப்பு அதிகாரங்கள்) சட்டம், 1958 நீக்கப்படும் வரை உண்பதில்லை, நீர் பருகுவதில்லை, வீடு திரும்புவதில்லை, தலைவாருவதில்லை, கண்ணாடி பார்ப்பதில்லை என்று அவர் உறுதி பூண்டார்.

சில நாள்களில் காவல்துறை அவரைக் கைது செய்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை வெறுங்காவல் தண்டனை விதிக்க இடமளித்தது. இதனால் ஒரு விந்தையான சுழற்சி உருவாயிற்று. ஓராண்டு முடிவில் அவர் விடுவிக்கப்படுவார்; நோன்பைத் தொடர்வார்; மீண்டும் கைது செய்யப்படுவார். இம்பாலில் உள்ள மருத்துவமனை அறையே அவருக்குச் சிறையாயிற்று. மூக்கு வழியே செலுத்தப்பட்ட குழாயின் மூலம் நீர்ம உணவு ஊட்டப்பட்டது. உயிரைக் காப்பது அரசின் கடமை என்பது சட்டத்தின் நிலை. வாயால் உண்பதில்லை என்பது நோன்பின் நிலை. இரண்டும் ஒரே உடம்பில் பல்லாண்டுகள் ஒருங்கே நிலவின.

3. தில்லியில் எதிர்ப்பட்ட மூன்று சொற்கள்

2006 அக்டோபரில் சர்மிளா தில்லிக்கு வந்து, காந்தியடிகள் நினைவிடத்தில் வணங்கியபின் ஜந்தர் மந்தரில் நோன்பைத் தொடர்ந்தார். தில்லிக் காவல்துறையும் அவர்மீது தற்கொலை முயற்சி வழக்கைப் பதிவு செய்தது. அவர் அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

அம்மருத்துவமனை தில்லியின் வட்டச்சாலையில் உள்ளது. அதே சாலையில் மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் மோதி பாக் இருக்கிறது. நடுவண் அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த இப்பகுதியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்றும் இயங்குகிறது. வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், அலுவலகத்தில் ஆங்கிலமும் வழங்கும் இத்தகைய சூழலில் வாழும் ஒருவர்க்கு ஒரே செய்தி மூன்று சொற்களில் வந்து சேரும். ஆங்கில நாளிதழ் 'ஹங்கர் ஸ்டிரைக்' என எழுதும்; இந்தி நாளிதழ் 'அனஷன்' எனவும் 'பூக் ஹர்தால்' எனவும் எழுதும்; தமிழ் நாளிதழ் 'உண்ணாவிரதம்' என எழுதும். இம்மூன்றும் ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும் அவ்வாறல்ல.

ஆங்கிலச் சொல்லின் தலைச்சொல் வேலைநிறுத்தம் என்பதாகும். அது தொழிலாளர் போராட்டக் களத்திலிருந்து பெறப்பட்டது. எதிராளி ஒருவர் இருப்பதை அது முன்கொள்கிறது. 'பூக் ஹர்தால்' என்பதும் அவ்வாறே பசியையும் கடையடைப்பையும் இணைக்கிறது. 'அனஷன்' என்பது உண்ணாமை என்னும் செயலை மட்டும் சுட்டும் வடசொல். எதிராளியோ தெய்வமோ அதில் இல்லை. தமிழ்ச்சொல்லின் இரண்டாம் உறுப்பாகிய 'விரதம்' சமயக் களத்தைச் சேர்ந்தது; தன்னைத் தான் கட்டுப்படுத்திக் கொள்ளுதல் அதன் அடிப்படைப் பொருளாகும். ஆகவே ஆங்கிலச் சொல் பூசலையும், இந்திச் சொற்களுள் முதலாவது வெறும் செயலையும், தமிழ்ச்சொல் தூய்மையையும் முன்னிறுத்துகின்றன எனலாம்.

இங்கு ஒரு வரலாற்றுச் செய்தி கருதத்தக்கது. தில்லித் தெருவில் ஒலிக்கும் 'அனஷன்' தமிழ்நாட்டுக்கும் புதிதன்று. செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றுக் கல்வெட்டு, 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவாகப் பொறிக்கப்பட்டது. அதில் 'அனசனம்' என்னும் சொல் 'நோற்றல்' என்னும் தமிழ்வினையோடு சேர்ந்து வந்துள்ளது. வடசொல் செயலைக் குறிக்க, தமிழ்வினை அச்செயலுக்கு நோன்பின் தகுதியை அளிக்கிறது. உண்ணாமை தானே நோன்பாகாது, நோற்பதால்தான் அது நோன்பாகிறது என்னும் தெளிவு அத்தொடரமைப்பில் புலப்படுகின்றது.

4. தமிழில் உறுதிமொழிச் சொற்களின் பொருட்புலம்

தாம் ஒன்றைச் செய்வதாகவோ செய்யாதிருப்பதாகவோ ஒருவர் மொழியால் தம்மைக் கட்டிக்கொள்வதை மொழிச் செயல்களுள் ஒருவகையாக ஆஸ்டின் முதலியோர் கொள்வர். சொல்வதே இங்குச் செய்வதாகும். தமிழில் இப்பொருட்புலத்தில் சூள், வஞ்சினம், சபதம், சத்தியம், நோன்பு, உறுதிமொழி முதலிய சொற்கள் உள்ளன. யார் முன்னிலையில் சொல்லப்படுகிறது, எந்த நிபந்தனை கூறப்படுகிறது, தவறினால் யாருக்குக் கேடு, எப்போது முடிவுறும் என்னும் நான்கு வினாக்களைக் கொண்டு இவற்றைப் பிரித்தறியலாம்.

அ) சூள்: அகப்பாடல்களில் தலைவன் தலைவியிடம் தெய்வத்தைச் சான்றாக்கிக் கூறுவது. பொய்ச்சூள் கூறியவனைத் தெய்வம் ஒறுக்கும் என்ற அச்சம் இதனோடு பிணைந்துள்ளது. கேட்பவர் அன்புக்குரியவர், காவலர் தெய்வம்.

ஆ) வஞ்சினம்: தொல்காப்பியப் புறத்திணையியல் இதனைக் காஞ்சியின் பகுதியாக வைக்கிறது. இன்னதில் தவறினால் எனக்கு இன்ன கேடு வருக என்பது இதன் வாய்பாடு. நிபந்தனை எச்சமும் வியங்கோளும் இணைந்த தொடரமைப்பு இதற்குரியது. புறநானூற்றில் பூதப்பாண்டியன், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், சோழன் நலங்கிள்ளி ஆகிய மூவரின் வஞ்சினங்கள் அடுத்தடுத்து 71, 72, 73ஆம் பாடல்களாக அமைந்துள்ளன. தவறின் வரும் கேடு கூறுபவனையே சாரும்.

இ) சபதம்: வடசொல். இன்றைய தமிழில் அவையோர் அறிய எதிராளியை நோக்கிக் கூறுவதையே பெரிதும் குறிக்கிறது. பாரதியாரின் பாஞ்சாலி சபதம் (முதற்பாகம் 1912) இப்பொருளை நிலைப்படுத்தியது எனலாம்.

ஈ) சத்தியம்: இது பெரும்பாலும் நடந்ததன் உண்மையைப் பற்றியது. நீதிமன்றம் ஏற்பது இதனையே. 1873ஆம் ஆண்டின் இந்திய ஆணைமொழிச் சட்டம், ஒரு தரப்பார் தம் வழக்கப்படியான தனிச்சத்தியம் செய்வதற்கும், அதனை முடிந்த சான்றாகக் கொள்வதற்கும் வழி செய்திருந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழியை நீக்கியது. இன்று சான்று கூறுபவர் கடவுள் பெயராலோ உளச்சான்றின்படியோ உறுதி கூறுகிறார். அதற்குமேல் எச்சடங்கும் இல்லை.

உ) நோன்பு: 'நோல்' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது, பொறுத்தல், தாங்குதல் என்பன அதன் பொருள்கள். திருக்குறள் தவத்தின் வடிவைக் கூறுமிடத்து, தனக்கு உற்ற துன்பத்தைத் தாங்குவதையும் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமையையும் இணைத்தே கூறுகிறது. கேட்பவர் ஒருவர் இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் நோன்பில் இல்லை.

கண்ணகியின் கூற்று இவ்வகைப்பாட்டில் தனியிடம் பெறுகிறது. சிலப்பதிகாரத்தில் வஞ்சின மாலை என்னும் காதையே அவள் கூற்றால் பெயர் பெற்றது. ஆனால் அவள் கூறும் நிபந்தனை, 'தவறினால்' என எதிர்காலம் நோக்கியதன்று. 'யானும் ஒரு பத்தினியாயின்' எனத் தன் உண்மையைப் பற்றியது. விளைவோ அரசையும் மதுரையையும் சாரும். அதாவது வஞ்சினத்தின் வடிவில் சத்தியம் நுழைந்துள்ளது. அதற்கு முந்தைய வழக்குரை காதையில் அவள் சிலம்பை உடைத்துச் சான்று காட்டி, அரசனின் நீதிமுறைக்கு உட்பட்டே வென்றுவிட்டாள் என்பதும் நோக்கத்தக்கது. சட்டத்தால் வென்றபின்னும் வஞ்சினம் தணியவில்லை. நீதிமன்றத் தீர்ப்பு நடந்ததைப் பற்றியது. வஞ்சினம் நடக்க வேண்டுவதைப் பற்றியது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்வதில்லை.

5. 'வரை' என்னும் சொல்லுருபும் குற்றநோக்கமும்

சர்மிளாவின் செயலைத் தமிழில் 'சாகும்வரை உண்ணாவிரதம்' எனக் குறிப்பது இயல்பாக வந்துவிடும். ஆங்கிலத்தில் இறப்பு வரையிலான நோன்பு என வழங்கும் தொடரும், இந்தியில் 'ஆமரண் அனஷன்' என வழங்கும் தொடரும் இதற்கு இணையானவை. இந்தித் தொடரில் 'ஆ' என்னும் முன்னொட்டு 'வரை' என்னும் பொருளைத் தருகிறது. ஆகவே மூன்று மொழிகளிலும் இறப்பே எல்லையாகக் கூறப்படுகிறது.

ஆனால் சர்மிளா கூறிய எல்லை வேறு. 'சட்டம் நீக்கப்படும் வரை' என்பதே அவர் உறுதிமொழி. கீழ்க்காணும் மூன்று தொடர்களை ஒப்பிடலாம்.

1. சட்டத்தை நீக்கும் வரை உண்ணேன்.
2. சாகும் வரை உண்ணேன்.
3. சாவதற்காக உண்ணேன்.

முதல் தொடரில் எல்லை பிறர் செயல். நோன்பியின் வாழ்வு அதற்கு அப்பாலும் தொடர்கிறது. இரண்டாம் தொடரில் இறப்பு காலஎல்லை. அது நோக்கமா என்பது சொல்லப்படவில்லை. மூன்றாம் தொடரில் இறப்பே நோக்கம். இலக்கண நிலையில் 'வரை' எல்லையையும் 'அதற்காக' நோக்கத்தையும் தெளிவாகப் பிரிக்கின்றன. 309ஆம் பிரிவின் கீழ்க் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டுமாயின் மூன்றாம் தொடரின் பொருள் மெய்ப்பிக்கப்பட வேண்டும். அரசுத்தரப்பு முதல் தொடரை எடுத்துக்கொண்டு, இரண்டாவதன் வழியாக மூன்றாவதை அடைய முயன்றது. 'சாகும்வரை' என எழுதும் மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாமலே அந்த இடைப்படியை அமைத்துக் கொடுத்துவிடுகிறார்.

நீதிமன்றங்கள் இறுதியில் இவ்வேறுபாட்டையே உணர்ந்தன எனலாம். 2013இல் தில்லி நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைந்தபோது சர்மிளா அதனை ஏற்கவில்லை. தமக்கு வாழவே விருப்பம் என்றும் தம் செயல் வன்முறையற்ற எதிர்ப்பே என்றும் கூறினார். 2014 ஆகஸ்டில் மணிப்பூர் அமர்வு நீதிமன்றம், தற்கொலை செய்யும் நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி அவரை விடுவிக்க ஆணையிட்டது; சில நாள்களில் அவர் மீண்டும் கைதானார். 2016 மார்ச்சில் தில்லி நீதிமன்றமும் 2006ஆம் ஆண்டு வழக்கிலிருந்து அவரை விடுவித்தது. ஒரு சொல்லுருபின் பொருள் நிலைபெற அங்குப் பத்தாண்டுகள் ஆயின.

6. ஒப்பிடத்தக்க பிற வழக்குகள்

உண்ணாமை அனைத்தும் ஒருவகையினவல்ல என்பதைத் தமிழ் மரபே காட்டுகிறது. கோப்பெருஞ்சோழன் மைந்தரோடு கொண்ட பகையின் விளைவாக வடக்கிருந்தான். பிசிராந்தையார் நட்பால் அவனோடு வடக்கிருந்தார். சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் நாணி வடக்கிருந்தான். இம்மூவரும் எவரிடமும் எதனையும் கோரவில்லை. இறப்பு இங்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிவாகும். எனவே சர்மிளாவின் செயலுக்கு 'வடக்கிருத்தல்' என்னும் சொல்லைப் பெருமை கருதி ஆளுவது பொருந்தாது; அது அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுக்கே துணை செய்யும்.

மறுபுறம், 1956இல் விருதுநகரில் சங்கரலிங்கனார், மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடல் முதலிய கோரிக்கைகளை முன்வைத்து ஜூலை 27 முதல் உண்ணாநோன்பிருந்து அக்டோபர் 13 அன்று உயிர்நீத்தார். கோரிக்கை நிறைவேறியிருப்பின் நோன்பு முடிந்திருக்கும். இறப்பு நேர்ந்ததாலேயே அது இறப்பை நோக்கியதாகிவிடாது. சர்மிளாவின் நோன்பு இவ்வகையைச் சார்ந்தது.

சமணரின் சல்லேகனை (சந்தாரா) வழக்கு இவ்விரண்டிலிருந்தும் வேறானது. 2015 ஆகஸ்டு 10 அன்று இராசசுத்தான் உயர் நீதிமன்றம் இந்நோன்பைத் தற்கொலையோடு ஒப்பவைத்துத் தீர்ப்பளித்தது. அதே மாதம் 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. இங்கும் சிக்கல் பெயரிடுதலில்தான் தொடங்கியது. 'தற்கொலை' என்னும் தமிழ்ச்சொல் தன்னைத் தானே கொல்லுதல் என்னும் வன்செயலை உள்ளடக்கியது. 'நோற்றல்' தாங்குதலை உள்ளடக்கியது. ஒன்று செய்வது, மற்றொன்று பொறுப்பது. அவ்விரண்டையும் ஒன்றாக்கும் சட்டத்தொடரை மொழிபெயர்ப்பவர், அது சட்டத்தின் முடிவேயன்றி மொழியின் முடிவன்று என்பதை மனங்கொள்ள வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பழைய 309ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. ஆயின் அரசு ஊழியரைத் தம் கடமையைச் செய்ய வைக்கவோ செய்யாது தடுக்கவோ கருதித் தற்கொலைக்கு முயல்வது 226ஆம் பிரிவின்படி குற்றமாகும். முன்னர் முயற்சி மட்டும் பேசப்பட்டது. இப்போது முயற்சியோடு எதிராளியை நோக்கிய கருத்தும் பேசப்படுகிறது. எனவே நோன்பைத் தற்கொலை முயற்சியிலிருந்து பிரிக்கும் சொற்றெளிவின் தேவை குறையவில்லை, கூடியே உள்ளது.

7. வீராங்கனைப் பெயரும் முடிவுறுத்தும் வினையும்

சர்மிளாவை மணிப்பூர் மக்கள் 'மெங்ஙௌபி' எனச் செல்லமாக அழைத்தனர். அழகிய நிறத்தினள் என்பது அதன் பொருள். வெளியுலகம் அவரை 'இரும்புப் பெண்மணி' என்றது. தமிழும் அதனையே ஏற்றது. முதற்பெயரில் ஒரு பெண் இருக்கிறார். இரண்டாவதில் ஓர் உலோகம் இருக்கிறது. இயல்பை மீறிய ஆற்றலுடையவராக ஒருவரைப் படைக்கும் பெயர், அவர் இயல்புநிலைக்குத் திரும்புவதை அரிதாக்கிவிடுகிறது.

2016 ஆகஸ்டு 9 அன்று, தாம் கோரிய சட்டம் நீக்கப்படாத நிலையில், அவர் உள்ளங்கையில் இட்ட தேனைச் சுவைத்து நோன்பை முடித்தார். தேர்தல் வழியில் போராடவும் மணம் புரியவும் விரும்புவதாக அறிவித்தார். அன்றிரவு தங்குவதற்கு அவர் சென்ற இடத்தில் எதிர்ப்பு எழுந்தது. முன்பு சிறையாயிருந்த மருத்துவமனையே மீண்டும் அவருக்குத் தங்குமிடமாயிற்று. 2017 சட்டமன்றத் தேர்தலில் தௌபால் தொகுதியில் அப்போதைய முதலமைச்சரை எதிர்த்து நின்ற அவர் பெற்ற வாக்குகள் 90.

இந்நிகழ்ச்சியைத் தமிழில் எழுதும்போது வினைச்சொல் தேர்வே தீர்ப்பாகிவிடுகிறது. 'கைவிட்டார்' என்பது தோல்வியைச் சுட்டும். 'முறித்தார்' என்பது தவற்றைச் சுட்டும். 'நிறைவேற்றினார்' என்பது உண்மைக்கு மாறாகும். 'வாபஸ் பெற்றார்' என்பது நோன்பை மனுவாக்கிவிடும். தமிழ் முசுலிம்களிடையே வழங்கும் 'நோன்பு திறத்தல்' என்னும் வழக்கு இங்கு எண்ணத்தக்கது. நோன்பின் முடிவை ஒரு திறப்பாகக் காணும் அரிய பார்வை அதில் உள்ளது; எனினும் அது நாள்தோறும் அந்தியில் நிகழும் சடங்குக்கு உரியதாகலின் நேரே பெயர்த்தாள இயலாது.

எஞ்சுவது 'முடித்தல்' என்னும் வினை. செயலை முற்றுவித்தல் என்பதோடு கூந்தலைக் கட்டுதல் என்பதும் அதற்குப் பொருளாகும். விரித்த கூந்தலைச் சபதம் நிறைவேறிய பின்னரே முடிப்பேன் எனப் பாஞ்சாலி கூறிய கதை தமிழர் அறிந்தது. அங்குச் சபதம் முடிதலும் குழல் முடித்தலும் ஒன்றாகவே நிகழும். சர்மிளாவும் தலைவாருவதில்லை என நோற்றவர். ஆகவே 'நோன்பை முடித்தார்' என்னும் தொடர் தமிழ்வாசகர்க்கு அவ்விரு பொருளையும் உணர்த்தவல்லது. அதே வேளையில் வெற்றியையோ தோல்வியையோ அது சாற்றுவதில்லை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. சூள், வஞ்சினம், சபதம், சத்தியம், நோன்பு ஆகியன கேட்பவர், நிபந்தனை, கேடு, எல்லை ஆகியவற்றால் வேறுபடுவன. ஒன்றிற்கு ஒன்றை மாற்றி ஆளுதல் பொருட்சிதைவுக்கு இடமளிக்கும். உண்ணாமை பற்றிய செய்தியை மொழிபெயர்ப்பவர், நோன்பி கூறிய எல்லை எது என்பதை முதற்கண் அறிந்து, 'வரை' என்பதன் முன் அதனையே அமைத்தல் வேண்டும். 'சாகும்வரை' என்னும் வாய்பாட்டை நோன்பி தாமே கூறியிருந்தாலன்றி ஆளுதல் கூடாது. நோன்பின் முடிவைக் குறிக்கும் வினையில் தம் தீர்ப்பைக் கலவாதிருத்தலும் வேண்டும்.

நோன்பு முடித்த ஓராண்டில், 2017 ஆகஸ்டு 17 அன்று, தமிழ்நாட்டின் கொடைக்கானலில் சார்பதிவாளர் முன்னிலையில் சர்மிளா திருமணம் புரிந்தார். வேறு சமயத்தவரை மணப்பதால் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி முன்னறிவிப்பு வெளியிடப்பட்டது. அதற்கு எழுந்த மறுப்புரை ஏற்கப்படவில்லை. 1954ஆம் ஆண்டின் அச்சட்டம் சடங்கு எதனையும் கட்டாயமாக்கவில்லை. அலுவலரும் சான்றினர் மூவரும் கேட்க, மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரிந்த மொழியில் கூறுதல் ஒன்றையே அது வேண்டுகிறது. ஒருவர் தம் சொல்லால் தம்மைக் கட்டிக்கொள்வதைச் சட்டம் ஐயுறாது ஏற்கும் இடங்களுள் அதுவும் ஒன்றாகும். பதினாறு ஆண்டுகள் அவர் சொல்லைக் குற்றமெனக் கொண்ட சட்டம், அன்று அவர் சொல்லைச் சான்றாக எழுதிக்கொண்டது.